ஒரு வருடமாக உங்களைக் காணவில்லை

உள்துறைமுக வீதி, திருகோணமலை
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள மகள் ரிஸ்னாவுக்கு வாப்பா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வரப்போகிறது என்று ரேடியோவுக்கு முன்னமே அறிவித்தல் தருகிறது. மஸ்கட்டில் சூடு தணிந்ததா? உன்னோடு அறையில் இருக்கும் பிள்ளை இப்பவாவது சாப்பிட்ட பாத்திரம் கழுவுகிறாளா?

போனில் சொல்லக்கூடிய விசயத்தை ஏன் ஈமெயிலில் எழுதுகிறேன் என்றால், போனில் நீ சிரித்துவிடுவாய். எழுத்தில் சிரித்தால் எனக்குக் கேட்காது.

போன வியாழன் தம்புள்ளையிலிருந்து நல்ல தக்காளி வந்தது. "இன்று காலை இறக்கியது, உடனே சொன்னால் பகலுக்குள் கப்பலில் ஏற்றித் தருவோம்" என்று கடைக் கொம்பியூட்டரில் கிடக்கிற முகவரி எல்லாவற்றுக்கும் ஈமெயில் அனுப்பினனான். தொளாயிரத்துச் சொச்சம் பேர். கடை தொடங்கின நாளிலிருந்து சாமான் வாங்கினவர், விலை கேட்டவர், வழி கேட்டவர் எல்லாரும் ஒரே பட்டியலில்தானே கிடக்கிறார்கள்.

பனாமாக் கால்வாயில் நிற்கிற ஒரு கப்டன் பதில் போட்டிருக்கிறார்: "தக்காளி நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் பகலுக்குள் எனக்கு வந்து சேருவது கஷ்டம்." பாய்ப்படகில் ஒருதரம் இங்கே வந்துபோன நோர்வே மனுசி, "படகை விற்றுவிட்டு மலையில் ஆடு வளர்க்கிறேன், தயவுசெய்து என்னை விடுங்கள்" என்று எழுதியிருக்கிறா. இதெல்லாம் பகிடி. பகிடி இல்லாதது என்னவென்றால், இந்த ஈமெயில் எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பித் தருகிற சேவைக்காரர் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறார்கள். கனபேர் என் கடிதத்தைக் குப்பை என்று குறித்துவிட்டார்களாம். இன்னும் இப்படி நடந்தால் கணக்கை மூடிவிடுவார்களாம்.

ஜனவரியில் பாய்ப்படகுகள் வரத் தொடங்கும். அதுகள் கடலில் வரும்போதே ஈமெயிலில்தான் ஓடர் தருகிறதுகள். துறைமுக வாசலுக்குக் கிட்ட ஒரு புதுக் கம்பனியும் குளிரூட்டின லொறியோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. கணக்கை மூடினால் இந்தக் கடையையும் மூட வேண்டியதுதான். கம்பனிகளுக்கு ஈமெயில் அனுப்பிக் கொடுக்கிறதுதானே உன் வேலையே. என்ன செய்யலாம் என்று எழுது. சிரித்து முடித்த பிறகு எழுது.

உன் சுகத்துக்கு துஆச் செய்யும்
வாப்பா ஸெய்னுதீன்

*

மஸ்கட்
9 ஒக்டோபர் 2024

அன்புள்ள வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் நல்ல சுகம். சூடு கொஞ்சம் இறங்கிவிட்டது, பாத்திரம்தான் இன்னும் ஏறவில்லை, தொட்டியிலேயே கிடக்குது. நீங்கள் ராவில் சோறு சாப்பிடுகிறீர்களா, அல்லது ஹோட்டல் பணிஸும் தேத்தண்ணியுமா? உண்மையைச் சொல்ல வேணும்.

சிரித்தேன். பனாமாக் கப்டனை எங்கட அலுவலகத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினனான்.

வாப்பா, பட்டியலில் பிழை இல்லை. எல்லாரையும் ஒரே ஆளாக நினைத்துக் கதைத்ததுதான் பிழை. கடைக்கு வருகிறவரோடு நீங்கள் அப்படிக் கதைக்க மாட்டீங்களே? கப்பல் குக் வந்தால் ஒரு கதை, ஏஜெண்ட் வந்தால் வேறு கதை. ஈமெயிலிலும் அப்படித்தான். முதலில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரியுங்க. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெயர் வையுங்க. பிறகு அந்தந்தக் கூட்டத்துக்கு எது தேவையோ அதை மட்டும் அனுப்புங்க. எப்படிப் பிரிப்பது என்பது உங்களுக்குத்தான் தெரியும், அந்த ஆட்களை நீங்கள்தானே அறிந்தவர்.

நேரம் எடுத்துச் செய்யுங்க. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்க.

உங்கட மகள்
ரிஸ்னா

*

திருகோணமலை
21 ஒக்டோபர் 2024

அன்பு மகள் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். ராவில் சோறுதான். சில நாள் பணிஸ். கன நாள் பணிஸ்.

நீ சொன்னபடி பிரித்துவிட்டேன். கடைச் சாமான் சப்ளை செய்கிற த்ரீவீலர் இராகுலனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராக வாசித்து, ஆளை யோசித்து யோசித்துப் பிரித்தனாங்கள். அருமையாக வந்திருக்கிறது. சொன்ன சொல் தவறாதவர்கள் ஒரு கூட்டம். விலையை மட்டும் கேட்டுவிட்டு எங்கேயோ வாங்குகிறவர்கள் ஒரு கூட்டம், அதற்கு 'விலை விசாரிப்பார்' என்று பெயர். தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் 'வாய்க்காரர்'. கத்தத் தெரியாமல் கொடுத்ததை வாங்கிப் போகிறவர்கள் 'பாவங்கள்'. இராகுலன் சொன்னான், "நானா, இப்பிடி ஒரு பட்டியலை ஒரு கம்பனியும் வெச்சிருக்காது." எனக்குப் பெருமையாக இருந்தது.

நேற்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு வேறு கடிதம் அனுப்பினனான். உனக்கும் ஒரு பிரதி வரும், பார்.

வாப்பா

*

மஸ்கட்
22 ஒக்டோபர் 2024

வாப்பா,

ஸலாம். சுகம் எல்லாம் பிறகு விசாரிக்கிறேன், முதலில் இதை வாசியுங்க. கூட்டத்தின் பெயர் கடிதத்தின் தலைப்பில் விழுந்திருக்கிறது! எனக்கு வந்த பிரதி "அன்புள்ள வாய்க்காரர் அவர்களுக்கு" என்று தொடங்குது. அந்தக் கூட்டத்தில் இருக்கிற எல்லாருக்கும் இப்படித்தான் போயிருக்கும். பாவங்களுக்கு "அன்புள்ள பாவங்கள்" என்று போயிருக்கும்.

பெயர் விழுகிற இடத்தை நான் இங்கிருந்தே திருத்திவிட்டேன். இனிக் குணத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டாம். அந்த ஆள் இப்ப எங்கே நிற்கிறார், எப்ப வருவார், அதைப் பாருங்க. அடுத்த மாதம் துறைமுகத்துக்கு வரப்போகிறவருக்கு விலைப்பட்டியல் வேணும். இன்றைக்கு நங்கூரம் போட்டு நிற்கிறவருக்குத்தான் காலைத் தக்காளி. வந்துபோனவருக்கு சீசன் தொடங்கும்போது ஒரு கடிதம் போதும். ஏஜெண்டுமார் வேறு. நிலாவெளிப் பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் கரையில் இருக்கிறவர்கள், அவர்களும் வேறு. ஆறு மாதமாக ஒரு கடிதத்தையும் திறக்காதவர்களைப் பார்த்து எடுத்துவிடுங்க, அவர்களால்தான் கணக்குக்கு ஆபத்து.

கடைசியாக ஒரு கூட்டம் இருக்கிறது. முந்தி வாங்கி, ஒரு வருடமாக வாங்காதவர்கள். அவர்களுக்கு விலை எழுத வேண்டாம். நான் எழுதித் தருகிறதை அப்படியே அனுப்புங்க:

"ஒரு வருடமாக உங்களைக் காணவில்லை. நாங்கள் ஏதும் பிழை விட்டோமா? விட்டிருந்தால் சொல்லுங்கள். கேட்டுத் திருந்த விரும்புகிறோம்."

அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று.

பதில் எழுதுங்க. கத்தினவர்களின் பெயரையும் எழுதுங்க.

ரிஸ்னா

*

திருகோணமலை
17 நவம்பர் 2024

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மழை. கடை வாசலில் கணுக்கால் தண்ணீர். முழங்கால் சொன்னது சரி. உனக்குப் போன கிழமை தடிமன் என்றாய், மாறிவிட்டதா? கொத்தமல்லி அவித்துக் குடி.

வாய்க்காரர் விசயம் முதலில். வெளிநாட்டுக் கப்டன்மாருக்குத் தமிழ் தெரியாததால் தப்பினேன். கொரியாக் கப்டன் ஒருவர் மட்டும், "இந்த எழுத்துக்கு என்ன கருத்து, ஏதும் மரியாதைப் பட்டமா?" என்று கேட்டார். ஓம் என்று எழுதிவிட்டேன். ஆனால் நம்முடைய ஷிப்பிங் ஏஜெண்ட் சோமசேகரம் தமிழ் வாசிக்கிறவர் அல்லவா! கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மழைக்குள்ளே கடைக்கு வந்துவிட்டார். "ஆரைப் பார்த்து வாய்க்காரன் எண்டனீங்கள்?" என்று கத்தின கத்தில் எதிர்க்கடைக்காரர் குடை பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்தேன். அரைவாசி குடிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் கூட்டத்தில வேற ஆர் ஆர்?" என்று கேட்டார். சொல்லவில்லை. இரண்டு கப்பலுக்கு அரிசி ஓடர் எழுதித் தந்துவிட்டுப் போனார்.

பிழை விட்டோமா என்ற கடிதத்துக்குக் கொஞ்சப் பேர்தான் பதில் போட்டார்கள். ஒன்று தமிழில் வந்தது. இறக்கக்கண்டியில் மூன்று அறை வாடகைக்கு விடுகிற ஸுல்பிகா என்ற பெண். முழுக் கடிதமும் இதுதான்:

"ஓம். விட்டனீங்கள். முட்டை."

விசாரித்தால், போன வருட சீசனில் நாங்கள் அனுப்பின முட்டையில் பாதி கூழாம். காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த ஜெர்மன்காரருக்கு முன்னால் உடைத்துவிட்டாவாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நல்ல முட்டை பார்த்து வாங்கி, இராகுலனின் த்ரீவீலரில் நானே போனனான். பாலத்துக்குக் கிட்ட வீடு. வாசலில் நின்று, "இது போன வருசத்து முட்டைக்குப் பதில்" என்றேன்.

"இப்ப அறையில ஆக்கள் இல்ல. முட்டை தேவையில்ல."

"அப்ப ஏன் எழுதினீங்க?"

"நீங்க கேட்டீங்க. அதால சொன்னனான்."

பிறகு ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, முட்டை ஒவ்வொன்றையும் எனக்கு முன்னாலேயே போட்டுப் பார்த்தா. மிதக்கிறதா என்று! ஒன்றும் மிதக்கவில்லை. சோதனை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி நானும் இராகுலனும் நின்றனாங்கள். பக்கத்து வீட்டிலிருந்து அவவின் அண்ணன், நஸ்ரி நானா, வலை பின்னுகிறதை விட்டுவிட்டு வந்து பார்த்துச் சிரித்தார். கடைசியில் இஞ்சித் தேத்தண்ணி கிடைத்தது.

கணக்கு இப்ப எச்சரிக்கையில் இல்லை. சேவைக்காரர் பச்சை விளக்குக் காட்டுகிறார்கள். எல்லாம் உன் கெட்டித்தனம்.

வாப்பா

*

மஸ்கட்
24 நவம்பர் 2024

அன்புள்ள வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். தடிமன் போய்விட்டது. கொத்தமல்லிக்கு இங்கே வேறு பெயர், கடையில் கையால் காட்டி வாங்கினனான்.

சோமசேகரம் மாமாவுக்கு ஸலாம் சொல்லுங்க. அவரை ஏஜெண்ட் கூட்டத்தில் போட்டாச்சுத்தானே? நல்லது.

இறக்கக்கண்டிக் கதை எங்கட மனேஜருக்கே பிடித்துவிட்டது. "உங்கட வாப்பாவை இங்கே வேலைக்கு எடுக்கலாமா?" என்று கேட்கிறார். குறை சொல்லி எழுதுகிறவர்தான் திரும்பி வருகிற ஆள் வாப்பா, பேசாமல் போகிறவர் வரமாட்டார். ஆனபடியால் அவவைக் கவனமாகப் பாருங்க. அடுத்த சாமானுக்கு இராகுலனையே அனுப்பலாம், இந்த மழையில் நீங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. முழங்காலுக்குக் கூடாது.

அந்தத் திறக்காத முகவரிகளை எடுத்தாச்சா? ஜனவரிக்கு முன் கட்டாயம் செய்யுங்க.

ரிஸ்னா

*

திருகோணமலை
26 ஜனவரி 2025

அன்பு மகள் ரிஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். கனநாள் எழுதவில்லை என்று கோபமா? மூச்சு விட நேரமில்லை. பாய்ப்படகுகள் வந்துவிட்டன. வரப்போகிறவர்கள் கூட்டத்துக்கு டிசம்பரிலிருந்து கிழமைக்கு ஒரு கடிதம் அனுப்பினேனே, அரைவாசிப்பேர் கடலில் வரும்போதே ஓடர் தந்துவிட்டார்கள். பச்சை வாழைக்குலை போதாமல் கிண்ணியாவுக்கு ஆள் அனுப்பினனான். புதுக் கம்பனிக்காரர் பளபளத்த படக் கடதாசியை எல்லாப் படகுக்கும் ஒரே மாதிரிக் கொடுத்தார்களாம், இறைச்சி விலையோடு. மரக்கறி மட்டும் சாப்பிடுகிற டென்மார்க்குக் குடும்பம் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிச் சிரித்தது.

இப்ப உன்னிடம் இரண்டு கேள்வி.

ஒன்று. ஒரு ஆள் எந்தக் கூட்டத்துக்குள்ளேயும் வர ஏலாமல் இருக்கிறா. இறக்கக்கண்டி ஸுல்பிகாதான். கரையில் இருக்கிறவர்கள் கூட்டத்தில் போட்டேன், அவர்களுக்குச் செவ்வாய்தோறும் ஒரு கடிதம் போகும். செவ்வாய்க் கடிதம் எனக்குத் தேவையில்லை, செவ்வாயில் நீங்களே வாறீங்கதானே என்கிறா. ஓம், செவ்வாயில் நான் அந்தப் பக்கம் போகிறனான், இராகுலனுக்கு விலை சரியாகச் சொல்லத் தெரியாது. வாங்குகிறவர் என்று வைத்தால், அறை வெறுமையாகக் கிடக்கிற இந்த மாதத்தில் அவ வாங்குவது ஒரு பக்கெட் தேயிலை. போன கிழமை வட்டிலப்பம் அவித்துத் தந்துவிட்டா. முந்தின கிழமை என் சேட்டுப் பொத்தான் கழன்றிருக்கு என்று சொல்லி, அந்த இடத்திலேயே ஊசி எடுத்து நஸ்ரியிடம் கொடுத்துத் தைக்க வைத்தா. வலை தைக்கிற கை, பொத்தான் இனி இந்த ஜென்மத்தில் கழலாது. இப்படி ஒரு ஆளை எந்தக் கூட்டத்தில் போடுவது?

இரண்டாவது கேள்வியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. திறக்காத முகவரிகளை எடுக்க நேற்று உட்கார்ந்தேன். பயந்து பயந்துதான் பார்த்தனான். உன் உம்மாவின் முகவரியை நான் பட்டியலிலிருந்து எடுக்கவே இல்லை. முந்தி அவதானே என் கடிதமெல்லாம் பிழை பார்க்கிறது, அதற்காகப் போட்ட முகவரி. அவ மவுத்தாகி, எங்களை விட்டுப் போய் நாலு வருடமாகியும் எடுக்கக் கை போகவில்லை. திறக்காதவர்களில் முதல் பெயராக அவ பெயர் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் தவறாமல் திறந்து வாசிக்கிறவர்கள் வரிசையில் இருக்கிறா.

கதிரையை விட்டு எழும்ப ஏலாமல் இருந்தேன். "என்ன நானா?" என்று இராகுலன் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். மெஷின் பிழை என்று தெரியும். ஆனாலும் இன்றைய கடிதத்தை மூன்று தரம் பிழை திருத்தித்தான் அனுப்பினனான்.

வாப்பா

*

மஸ்கட்
28 ஜனவரி 2025

என் அன்பான வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீங்கள் சுகமா? அந்தக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டீர்களா?

அது நான் வாப்பா. உம்மாவுக்கு அந்த ஈமெயில் கணக்கைத் திறந்து கொடுத்ததே நான்தானே. அது இன்னும் என் போனில் இருக்கிறது. உங்கட கடைக் கடிதம், அன்று வந்த அந்த ஒரு பிரதியைத் தவிர, என் முகவரிக்கு வருவதில்லை, நான் தக்காளி வாங்குகிற ஆள் இல்லையே. உம்மாவுக்கு வரும். காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் அதைத் திறப்பேன். "இன்று முருங்கைக்காய் நல்லது, வெண்டிக்காய் சுமார்" என்று வாசிக்கும்போது கடைப் படியில் காலைத் தொங்கப்போட்டு இருக்கிற மாதிரி இருக்கும். உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுவீர்கள் என்று சொல்லவில்லை. இப்ப இப்படி பயப்படுத்திவிட்டேன். மன்னியுங்க.

உம்மாவின் முகவரியை எடுத்துவிடுங்க வாப்பா. அந்த இடத்தில் என்னைப் போடுங்க. தக்காளி வாங்காவிட்டாலும் வாசிப்பேன்.

முதல் கேள்விக்குப் பதில்: ஒரு ஆளுக்குக் கூட்டம் தேவையில்லை. ஒரு ஆளுக்கு, அந்த ஆளுக்கென்றே எழுதுகிறதுதான். உங்கட இந்தக் கடிதத்தில் கடையை விட இறக்கக்கண்டிதான் கூட. பார்த்தால் இது பட்டியல் கேள்வி மாதிரித் தெரியவில்லையே! சும்மா பகிடிக்குச் சொன்னேன்.

முழங்காலைக் கவனியுங்க.

ரிஸ்னா

*

திருகோணமலை
2 மார்ச் 2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு பிடித்துவிட்டோம். விடியமுன் ஸஹருக்கு நீ ஏதும் ஒழுங்காகச் சாப்பிட்டாயா? இங்கே நான் சுகம்.

ஒரு மாதம் உனக்கு நான் எழுதவில்லை. போனில் கதைத்தபோது மழை, படகு, சோமசேகரம் என்று கதைத்தேன். நீ பகிடிக்குச் சொன்னதற்குப் பதில் எழுத எனக்கு ஒரு மாதம் தேவைப்பட்டது.

அது பட்டியல் கேள்வி இல்லை மகள்.

ஸுல்பிகாவைப் பற்றிச் சொல்கிறேன். வயது நாற்பத்தேழு. புருஷன் சவூதிக்குப் போய், கடிதம் போடுவதை நிறுத்தி, கடைசியில் தலாக் கடிதம் மட்டும் அனுப்பின ஆள். பிள்ளை இல்லை. அறை மூன்றையும் தன் கையால் வெள்ளையடித்து நடத்துகிறா. கதை குறைவு. கதைத்தால் நேராகக் கதைப்பா. எனக்கு அவவோடு கதைத்துவிட்டு வரும்போது பசிக்கிறது. உம்மா போன பிறகு எனக்குப் பசித்துச் சாப்பிட்ட ஞாபகம் இல்லை.

போன செவ்வாய் கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "நஸ்ரியிட்ட ஒரு விசயம் கேக்கட்டா?" என்றேன்.

"அவரிட்ட ஏன்? அவருக்கா கலியாணம்?" என்றா.

இராகுலன் த்ரீவீலருக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

"அப்ப உங்களிட்டக் கேக்கிறன்."

"மகளிட்டக் கேட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப என்னட்டயும் இன்னும் கேக்கல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிட்டா.

ஆனபடியால் உன்னிடம் கேட்கிறேன். உம்மாவின் இடத்தை யாருக்கும் கொடுக்கக் கேட்கவில்லை. நீ வேண்டாம் என்றால் இந்தக் கதை இதோடு முடியும், செவ்வாய்க்கிழமை இராகுலன் போவான். உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுது.

உன்
வாப்பா

*

இறக்கக்கண்டி
26 மார்ச் 2025

பிள்ளை ரிஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாய் இருக்கிறீர்களா? நான் ஸுல்பிகா. உங்கட ஈமெயில் முகவரி இராகுலன் தம்பி தந்தவர். நான் எழுதுவது உங்கட வாப்பாவுக்குத் தெரியாது, தெரிந்தால் தடுத்திருப்பார்.

நான் உங்களிடம் ஒன்றும் கேட்க எழுதவில்லை. ஒன்று சொல்ல எழுதுகிறேன். அவர் உங்களுக்கு எழுதி மூன்று கிழமை தாண்டிவிட்டது. பதில் இல்லை, போனிலும் நீங்கள் வேலை வேலை என்று வைத்துவிடுகிறீர்களாம். அவர் கடையில் எல்லாருக்கும் சிரித்துக்கொண்டு நிற்கிறார். நோன்பு திறக்க ஈத்தம்பழம் ஒன்றும் தண்ணீரும்தான். உங்களுக்கு வெங்காய விலை பற்றி இரண்டு கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறாராம்.

நீங்கள் வேண்டாம் என்று எழுதினால் எனக்குக் கோபம் வராது. அறை இருக்கிறது, வேலை இருக்கிறது, நஸ்ரி நானா இருக்கிறார். ஆனால் பதில் போடாமல் மட்டும் இருக்காதீங்க. பதில் வராத வீட்டில் நான் ஆறு வருடம் இருந்தவள். வேண்டாம் என்கிற கடிதம் அதைவிட எவ்வளவோ நல்லது.

உங்கட வாப்பாவோடு எனக்கு எப்படிப் பழக்கம் வந்தது என்று நீங்கள் யோசிப்பீர்கள். ஒரு நாள் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு வருடமாக உங்களைக் காணவில்லை, நாங்கள் ஏதும் பிழை விட்டோமா என்று. எல்லாருக்கும் போகிற கடிதம் என்று எனக்குத் தெரியும், நான் மடைச்சி இல்லை. ஆனால் என்னிடம் அப்படிக் கேட்டு எழுதின ஆள் என் வாழ்க்கையில் வேறு ஒருவரும் இல்லை. அதனால்தான் பதில் போட்டனான்.

பெருநாள் வருகிறது. நல்லாச் சாப்பிடுங்க.

ஸுல்பிகா

*

மஸ்கட்
29 மார்ச் 2025

என் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் சாப்பிடுங்க. இன்றைக்கு நோன்பு திறக்கும்போது கஞ்சி வாங்கி, முழுக் கோப்பையும் குடித்துவிட்டு இதை வாசியுங்க.

எனக்குக் கோபம் வந்தது வாப்பா, மறைக்கவில்லை. பகிடி விட்டது நான்தான். ஆனால் நீங்கள் ஓம் என்று எழுதினதும், கடைக்குப் பின்னால், உம்மா சமைத்த நம்முடைய குசினியில் வேறு ஒருவர் நிற்கிற மாதிரிக் கண்ணுக்குள் வந்துவிட்டது. அலுமாரியில் இருக்கிற உம்மாவின் சாரிகளை யாரோ மடித்து வேறு இடத்தில் வைக்கிற மாதிரி. பதில் எழுத எழுத எல்லாம் சண்டையாக வந்தது. அதுதான் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் விசயம் தானாகக் கரைந்துபோகும் என்றும் நினைத்தேன். கூடாத நினைப்பு.

பிறகு எனக்கு ஒரு கடிதம் வந்தது. யார் எழுதினது என்று கேட்க வேண்டாம். கேட்டாலும் உங்களுக்குத் தெரியும், இராகுலனின் முகத்தைப் பாருங்க.

"ஒரு வருடமாக உங்களைக் காணவில்லை" என்ற வசனத்துக்குத்தான் அவ பதில் போட்டவவாம். அதை எழுதினது நான்! இந்த மேசையில், தேத்தண்ணி ஆறுகிறதுக்குள்ளே எழுதினனான். அந்தத் தொளாயிரம் பேர் பட்டியலில் ஒரு ஆள் அதை உண்மையாக எடுத்திருக்கிறா. நானே கூப்பிட்டுவிட்டு, வந்த ஆளை நானே வாசலில் மறித்துக்கொண்டு நிற்கிறதா?

உங்களுக்குப் பசிக்கிறது என்று எழுதினீர்களே, அந்த இடத்தை எத்தனையோ தரம் வாசித்தேன். சம்மதம் வாப்பா. மனதார.

உம்மாவின் சாரிகளை மட்டும் நான் வந்து எடுக்கும் வரை அப்படியே வையுங்க. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு கேட்டிருக்கிறேன். நிக்காஹ்வை நான் இருக்கும்போது வையுங்க. நான் இல்லாமல் வைத்தால் உங்களை 'விலை விசாரிப்பார்' கூட்டத்தில் போடுவேன்.

அந்த வெங்காயக் கடிதம் இரண்டையும் அனுப்புங்க.

உங்கட
ரிஸ்னா

*

மஸ்கட்
22 ஜூன் 2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக வந்து சேர்ந்தேன். பையில் வைத்த தயிர்ச்சட்டியை விமான நிலையத்தில் தடுத்துவிட்டார்கள். சண்டை பிடித்தும் விடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சுகம்தானே? ஸுல்பிகா சாச்சிக்கு வேலைக்கு உதவியாக வருவதாகச் சொன்ன பிள்ளை வந்துவிட்டாளா? சீசன் நேரத்தில் மூன்று அறையும் தனியே பார்க்க ஏலாது.

இதை நீங்கள் கடையில் இருந்து வாசிப்பீர்கள், பின்னேர பஸ்ஸில் இறக்கக்கண்டிக்குப் போய் சாச்சிக்கும் வாசித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். பரவாயில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

நஸ்ரி மாமா வீட்டு முற்றத்தில் நிக்காஹ் நடந்தபோது, உங்கட குரல் மூன்றாம் தரம்தான் வெளியே வந்தது. வெட்கமா? நான் ஜன்னலுக்குப் பின்னால் சாச்சிக்குப் பக்கத்தில் இருந்தேன். "இவ்வளவு நாளும் முட்டை விக்கேக்க நல்லாக் கதைச்சார்" என்று மெதுவாகச் சொன்னா. நான் சிரித்ததைக் கேட்டுப் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சோமசேகரம் மாமா மட்டும் வெளியே பந்தலில் நின்று "என்ன, முடிஞ்சுதா, சோறு எப்ப?" என்று கத்தினது அறை வரை கேட்டது.

அலுமாரியை நானும் சாச்சியும்தான் திறந்தோம். அவ கை வைக்கவில்லை. நான் ஒவ்வொரு சாரியாக எடுக்க, இது எப்ப உடுத்தது, இது யார் வாங்கித் தந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தா. எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். பின்னேரம் ஆகிவிட்டது. உம்மாவைப் பற்றி அவ்வளவு நேரம் நான் யாரோடும் கதைத்ததில்லை வாப்பா. உங்களோடும் இல்லை.

நான் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டில், தண்ணீர்ப் போத்தல் வாங்க நீங்கள் அந்தப் பக்கம் போனீர்கள் அல்லவா? அப்ப நான் சாச்சியிடம் சொன்னேன், "வாப்பாவை நினைச்சு எனக்குக் கவலைதான்" என்று. மற்ற ஆட்கள் என்றால் நாங்கள் இருக்கிறோம், நீ கவலைப்படாதே என்பார்கள். அவ என் பையின் ஸிப்பைச் சரியாக இழுத்து மூடிவிட்டு, பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னா:

"கவலப்படாத எண்டு நான் சொல்ல மாட்டன் மகள். கவலப்படு. அப்பத்தான் அடிக்கடி வருவாய்."

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு இப்பவே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் இருவரின் துஆவையும் வேண்டும்
ரிஸ்னா